உள்ளே போன நீர் என்ன செய்கிறது? இழை நெகிழிகளின் ஆயுளைக் கணிக்கும் மாதிரிகள்

விமானத்தின் இறக்கைத் தோலாக அமையும் கார்பன் இழைத் தகடு இருபத்தைந்து, முப்பது ஆண்டுகள் உழைக்க வேண்டும். பாலத்தின் கான்கிரீட்டுக்குள் எஃகுக் கம்பிக்கு மாற்றாகப் பதிக்கும் கண்ணாடியிழைக் கம்பி எழுபத்தைந்து ஆண்டுகளாவது தாங்க வேண்டும். இவற்றைச் சோதிப்பவருக்கு ஆய்வகத்தில் கிடைப்பதோ சில மாதங்கள். அந்த இடைவெளியைக் கடக்கத்தான் கணித மாதிரிகள். இழை வலுவூட்டிய நெகிழி வெப்பத்திலும் ஈரத்திலும் எப்படி நடந்துகொள்ளும் என்று கணிக்கும் மாதிரிகள் ஐம்பது ஆண்டுகளாக எழுதப்பட்டு வருகின்றன. அவற்றை ஒருசேர வைத்துப் பார்த்தால் எனக்குத் தெளிவாகத் தெரிவது இது: நீர் எவ்வளவு உள்ளே போகும் என்ற கணக்கை நாம் நன்றாகவே கற்றுவிட்டோம், உள்ளே போன நீர் என்ன செய்யும் என்ற கணக்கில் இன்னும் பாதி வழியில்தான் நிற்கிறோம். முதல் கணக்கில் கிடைத்த நம்பிக்கையை இரண்டாவதற்கும் நீட்டிவிடும் பழக்கம்தான் பல தவறான ஆயுள் கணிப்புகளுக்குக் காரணம்.

முதலில் பொருளைப் பார்ப்போம். நெசவாகவோ நேர்வரிசையாகவோ அடுக்கிய இழைகளைப் பிசின் சேர்த்துப் பிடித்திருக்கிறது. இழுவையைத் தாங்குவது இழை. இழைகள் வளைந்து மடியாமல் பக்கவாட்டில் தாங்குவதும், ஓர் இழையின் சுமையை அடுத்த இழைக்கு மாற்றுவதும் பிசினின் வேலை. கார்பன் இழை நீரை உறிஞ்சுவதில்லை. கண்ணாடி இழையும் உள்ளே உறிஞ்சுவதில்லை, ஆனால் அதன் மேற்பரப்பை நீர் அரிக்கிறது. கெவ்லார் போன்ற அராமிட் இழை தானே சில விழுக்காடு நீரைக் குடிக்கும். பிசின்கள் எல்லாமே ஏதோ ஓரளவு குடிப்பவை. விமானங்களில் பயன்படும் எப்பாக்சிப் பிசின் நிறைவடையும்போது தன் எடையில் 2 முதல் 6 விழுக்காடு வரை நீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும். தகட்டின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் பிசின் என்பதால், முழுத் தகட்டுக்கு அது 1 அல்லது 2 விழுக்காடாக வந்து நிற்கிறது. எண் சிறியது, விளைவு சிறியதல்ல.

நீர் உள்ளே போகும் கணக்கு ஓர் உடலியலாளரிடமிருந்து வந்தது. அடால்ஃப் ஃபிக் 1855இல் விரவலின் விதிகளை வெளியிட்டார். ஃபூரியர் 1822இல் வெப்பக் கடத்தலுக்கு எழுதிய சமன்பாட்டின் வடிவத்தையே அவர் உப்புக் கரைசலுக்கு எடுத்துக்கொண்டார். செறிவு மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குப் பொருள் நகர்கிறது. நகரும் வேகம் செறிவுச் சரிவைப் பொறுத்தது. இதை இழைத் தகடுகளுக்குப் பொருத்தி, பொறியாளர் கையில் எடுத்துப் பயன்படுத்தும் அளவுக்கு எளிமையாக்கியவர்கள் ஷென்னும் ஸ்பிரிங்கரும். 1976இல் வந்த அவர்களுடைய கட்டுரைதான் இத்துறையின் அடித்தளம். நிறைவு எடை எவ்வளவு என்பதைச் சுற்றுக்காற்றின் ஒப்பு ஈரப்பதம் முடிவுசெய்கிறது. அங்கே போய்ச் சேரும் வேகத்தை வெப்பநிலை முடிவுசெய்கிறது. இந்தப் பிரிவினை முழுத் துல்லியமானதல்ல. ஆனாலும் வியக்கத்தக்க அளவுக்குப் பல எப்பாக்சித் தகடுகளில் அது பொருந்துகிறது.

எண்களை வைத்துப் பார்த்தால் பிரச்சினையின் அளவு புரியும். அறை வெப்பநிலையில் எப்பாக்சித் தகட்டின் விரவல் குணகத்தை நொடிக்கு 10⁻¹³ சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இரு பக்கமும் ஈரக்காற்று படும் 2 மில்லிமீட்டர் தகடு 99.9 விழுக்காடு நிறைவை எட்ட ஏறத்தாழ பத்து மாதங்கள் ஆகும். தடிமன் நான்கு மடங்கானால் காலம் பதினாறு மடங்காகும். 8 மில்லிமீட்டர் தகட்டுக்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு மேல். அதே 2 மில்லிமீட்டர் தகட்டின் வழியே வெப்பம் பரவிச் சமனடையச் சில நொடிகள் போதும். வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் இடையிலான வேக வேறுபாடு பத்து லட்சம் மடங்கு. அதனால் பெரும்பாலான மாதிரிகளில் வெப்பநிலையை முதலில் தீர்த்து வைத்துவிட்டு, அதை மாறாத பின்னணியாகக் கொண்டு ஈரத்தைத் தனியே கணக்கிடுகிறார்கள். வெப்பமும் ஈரமும் ஒன்றையொன்று தள்ளும் முழுப் பிணைப்புக் கோட்பாடும் உண்டு. சீ, மிகோபுலோஸ், சௌ ஆகியோர் 1986இல் அதற்கென்றே ஒரு நூல் எழுதினார்கள். நடைமுறைத் தகடுகளில் பிரித்துக் கணக்கிடுவதே பெரும்பாலும் போதுமானது.

பதின்மூன்று ஆண்டு காத்திருக்க யாராலும் முடியாது. எனவே வெப்பநிலையை உயர்த்துகிறார்கள். விரவல் குணகம் அரீனியஸ் விதிப்படி வெப்பநிலையோடு ஏறும். கிளர்வு ஆற்றல் மோலுக்கு 45 கிலோஜூல் என்று கொண்டால், 25 டிகிரி செல்சியஸிலிருந்து 70 டிகிரிக்குப் போகும்போது வேகம் ஏறத்தாழ பத்து மடங்காகிறது. பத்து மாதம் ஒரு மாதமாகச் சுருங்குகிறது. விமானத் துறையில் 70 டிகிரி, 85 விழுக்காடு ஒப்பு ஈரப்பதம் என்ற நிலை அன்றாட வழக்கமானது இப்படித்தான். 85 விழுக்காடு என்பது மனம்போனபடி எடுத்த எண்ணல்ல. வெப்பமண்டலக் கடற்கரையில் நெடுங்காலம் நிற்கும் விமானத்துக்கு நேரக்கூடிய மிக மோசமான சராசரி நிலையாக அதைக் கொண்டார்கள்.

நீர் நுழையும் வேகத்தைப் பொறுத்தவரை இந்தக் குறுக்குவழி நேர்மையானது. சூடேற்றுவது நுழைவை மட்டுமே விரைவுபடுத்தினால் பிரச்சினையே இல்லை. ஆனால் அந்த 70 டிகிரி, பிசினின் வேதிவினைகளையும், சங்கிலிகளின் தளர்வையும், இழைப் பரப்பின் அரிப்பையும் கூடவே விரைவுபடுத்துகிறது. ஒவ்வொன்றுக்கும் கிளர்வு ஆற்றல் வேறு. எல்லாம் பத்து மடங்கு வேகமாவதில்லை. ஒன்று பத்து மடங்கு, இன்னொன்று நூறு மடங்கு. பதின்மூன்று ஆண்டுக்குப் பின் கடற்கரையில் கிடைக்கும் தகடும் ஆய்வகத்தில் வேகவைத்தெடுத்த தகடும் ஒரே எடை நீரைச் சுமந்திருந்தாலும் ஒரே பொருளாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

ஃபிக்கின் விதி பிறழும் இடங்களிலிருந்துதான் அடுத்த தலைமுறை மாதிரிகள் பிறந்தன. எடை வளைவு ஓர் அளவுக்கு மேல் சமனாகாமல் மெல்ல ஏறிக்கொண்டே போவதை 1970களின் இறுதியிலேயே பலர் கண்டார்கள். கார்ட்டரும் கிப்ளரும் 1978இல் நீர் மூலக்கூறுகளை இரு வகையாகப் பிரித்தார்கள்: சுதந்திரமாக நகர்பவை, பிசினோடு ஒட்டிக்கொண்டு தற்காலிகமாக நின்றுவிடுபவை. ஒட்டுவதற்கு ஒரு வேகம், விடுபடுவதற்கு ஒரு வேகம். லாங்மியர் வகை என்று சொல்லப்படும் இந்த மாதிரி இன்றும் ஃபிக்குக்கு அடுத்தபடியாக அதிகம் பயன்படுவது. அதே ஆண்டில் பெரென்ஸும் ஹாப்ஃபென்பெர்க்கும் வேறு விளக்கம் தந்தார்கள். பலபடிச் சங்கிலிகள் மெல்லத் தளர்ந்து இடம்விடுவதால்தான் இரண்டாம் கட்ட உறிஞ்சல் நிகழ்கிறது என்றார்கள். இயற்பியலில் இவை முற்றிலும் வேறுபட்ட இரண்டு கதைகள். ஆனால் எடை வளைவின் மேல் வைத்துப் பார்த்தால் இரண்டுமே அழகாகப் பொருந்தும்.

இத்துறையின் ஆழமான பலவீனம் இதுதான். சோதனைத் துண்டை வெளியே எடுத்துத் துடைத்து, தராசில் வைத்து, திரும்பப் போடுவதே பெரும்பாலான ஆய்வுகளின் அளவீடு. கல்யாண மண்டபத்தின் வாசலில் நின்று எத்தனை பேர் உள்ளே போனார்கள் என்று எண்ணிவிடலாம். பந்தியில் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை வாசலிலிருந்து சொல்ல முடியாது. எடையில் ஏறுவது நீர். அதே நேரத்தில் பிசினிலிருந்து சிறு மூலக்கூறுகள் கரைந்து வெளியேறினால் எடை இறங்கும். இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிட்டால் வளைவு சமனானதாகத் தோன்றும், சமநிலை வந்துவிட்டது என்று குறிப்பெழுதிவிடுவார்கள். நான்கு மாறிலிகள் கொண்ட மாதிரியை ஒரே ஒரு வளைவில் பொருத்திவிட்டு, அந்த மாறிலிகளுக்கு இயற்பியல் பொருள் இருக்கிறது என்று சொல்வதை நான் ஏற்க மாட்டேன். உறிஞ்சிய துண்டை உலர்த்தி, மறுபடி உறிஞ்சவைத்து, இரண்டாவது வளைவையும் அதே மாறிலிகள் சொல்கின்றனவா என்று பார்க்காத ஆய்வு பாதி ஆய்வுதான்.

தராசு காட்டாததை நிறமாலை காட்டுகிறது. ஷோவும் லூகாஸும் 1999இல் எப்பாக்சிக்குள் இருக்கும் நீரை இரு வகையாகப் பிரித்தார்கள். ஒரு ஹைட்ரஜன் பிணைப்பால் தொங்கும் நீர் எளிதாக வெளியேறிவிடும். சங்கிலிகளுக்கிடையே புகுந்து பிசினை இளக்குவது அது. ஒன்றுக்கு மேற்பட்ட பிணைப்புகளால் பிடித்துக்கொள்ளும் நீரை வெளியேற்ற அதிக வெப்பம் வேண்டும். அது சங்கிலிகளுக்கு நடுவே புதிய பாலம்போல் நின்று இறுக்கத்தைக்கூடச் சேர்க்கலாம். அப்படியென்றால் ஒரே அளவு நீர், அது எந்த வெப்பநிலையில் எவ்வளவு காலம் உள்ளே இருந்தது என்பதைப் பொறுத்து வேறுவேறு விளைவைத் தரும். நீரின் விழுக்காட்டை மட்டுமே உள்ளீடாகக் கொள்ளும் எந்த மாதிரியாலும் இதைச் சொல்ல முடியாது.

இளக்கத்தின் அளவுகோல் கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை. அதற்குக் கீழே பிசின் விறைப்பாக இருக்கும், மேலே ரப்பர்போலத் தொய்யும். எப்பாக்சி உறிஞ்சும் ஒவ்வொரு 1 விழுக்காடு நீருக்கும் அது ஏறத்தாழ 20 டிகிரி இறங்குகிறது என்பது ரைட் 1981இல் தொகுத்துச் சொன்ன கைக்கணக்கு. உலர்ந்திருக்கும்போது 200 டிகிரியில் நிலைமாறும் பிசின் 4 விழுக்காடு நீரைக் குடித்தால் 120 டிகிரிக்கு வந்துவிடும். விமானத் துறையின் வழிகாட்டி நெறி, ஈர நிலைமாற்ற வெப்பநிலைக்கு 28 டிகிரி கீழேதான் பயன்பாட்டு எல்லையை வைக்கச் சொல்கிறது. 120இல் 28 போனால் 92. வெயிலில் நிற்கும் விமானத்தின் தோல் எட்டும் வெப்பத்தைக் கருதி 82 டிகிரியில் ஈரத்தோடு செய்யும் அமுக்கச் சோதனைக்கும் அந்த எல்லைக்கும் இடையே பத்து டிகிரிதான் மிஞ்சுகிறது. உலர் நிலையில் தாராளமாகத் தோன்றிய இடைவெளி எவ்வளவு விரைவில் கரைகிறது என்பதைக் கவனியுங்கள்.

இழைத் திசையில் இழுத்தால் ஈரத் தகடும் உலர்ந்த தகடும் ஏறக்குறைய ஒன்றுபோல்தான் தாங்கும். அமுக்கத்திலும் கத்தரிப்பிலும்தான் வேறுபாடு தெரியும். பிசின் தொய்ந்தால் இழைகளைப் பக்கவாட்டில் பிடிக்க ஆளில்லை. அவை வளைந்து நொறுங்கும். துளையிட்ட தகட்டைச் சூட்டிலும் ஈரத்திலும் அமுக்கிப் பார்க்கும் சோதனை இறக்கையின் தடிமனையே முடிவுசெய்யும் அளவுக்கு முக்கியமானது அதனால்தான். இந்த வீழ்ச்சியை ஒரே கோட்டில் சொல்ல முயன்றவர் நாசாவின் சாமிஸ். ஈர நிலைமாற்ற வெப்பநிலை பயன்பாட்டு வெப்பநிலைக்கு மேல் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அதற்கும், உலர் நிலையில் இருந்த உயரத்துக்கும் உள்ள விகிதத்தின் வர்க்கமூலத்தால் பிசினின் வலிமையைக் குறைத்துக்கொள்ளச் சொன்னார். 1970களின் இறுதியில் வந்த இந்தச் சூத்திரம் இன்றும் பயன்படுகிறது. முதல் மதிப்பீட்டுக்கு அது நல்ல கருவி. வலிமை இழப்பு முழுவதையும் இளக்கத்தின் கணக்கிலேயே எழுதிவிடுவது அதன் குறை. உலர்த்தினால் எல்லாம் மீண்டுவிடும் என்று அது மறைமுகமாகச் சொல்கிறது. அப்படி எப்போதும் மீள்வதில்லை.

நீர் பிசினை உப்பவும் வைக்கிறது. இந்தக் கணக்கில் எதிர்பாராத ஒரு நன்மை ஒளிந்திருக்கிறது. தகட்டை 177 டிகிரியில் பதப்படுத்தி அறை வெப்பநிலைக்குக் குளிர்விக்கும்போது, இழைக்குக் குறுக்குத் திசையில் பிசின் சுருங்க முயலும். பக்கத்து அடுக்கின் இழைகள் விடாது. அதனால் எந்தச் சுமையும் ஏறுவதற்கு முன்பே அடுக்குகளுக்குள் இழுவிசைத் தகைவு தங்கிவிடுகிறது. சாயும் ஹானும் 1980இல் வெளியிட்ட பாடநூல், டி-300 இழையும் 5208 எப்பாக்சியும் சேர்ந்த தகட்டுக்குக் குறுக்கு வெப்ப விரிவு எண்ணை டிகிரிக்கு 22.5 மைக்ரோ திரிபு என்றும், ஈர உப்பல் எண்ணை 0.6 என்றும் தருகிறது. 155 டிகிரி குளிர்வுக்குச் சுருக்கம் ஏறத்தாழ 3,500 மைக்ரோ திரிபு. 0.6 விழுக்காடு ஈரம் தரும் உப்பலும் அதே அளவு. ஓரளவு ஈரம் ஏறிய தகட்டின் உள்தகைவு, உலையிலிருந்து வந்த புதுத் தகட்டைவிடக் குறைவு.

நன்மை அதோடு நின்றுவிடுகிறது. ஈரம் சீராக ஏறுவதில்லை. மேற்பரப்பு முதலில் உப்புகிறது, உள்ளே உலர்ந்திருக்கிறது. மேலே அமுக்கம், உள்ளே இழுவை. ஈரத் தகடு திடீரென உலரும்போது இது தலைகீழாகி மேற்பரப்பு இழுவையில் விரிசல்விடும். நனைவதைவிட உலர்வதுதான் விரிசலுக்கு வழி திறக்கிறது. ஒரே ஈரநிலையில் நிறுத்திவைத்துச் செய்யும் சோதனைகள் இந்தச் சுழற்சியைத் தொடுவதே இல்லை.

இதில் போர் விமானங்கள் முன்கூட்டியே பாடம் கற்பித்தன. ஈரம் ஏறிய தோல், ஒலியை மீறிய வேகத்தில் பறக்கும் சில நிமிடங்களில் நூறு டிகிரிக்கு மேல் சூடேறி மறுபடி குளிர்கிறது. 1970களில் மெக்கேக் குழுவினர் இந்த வெப்பக் குத்துகளை ஆராய்ந்தபோது, சூடு நீரை வெளியேற்றி உலர்த்திவிடும் என்ற எளிய எதிர்பார்ப்பு பொய்த்தது. குத்துகளுக்கு ஆளான தகடு அதற்குப் பிறகு முன்னைவிட வேகமாகவும் அதிகமாகவும் நீரை உறிஞ்சியது. பொருளே மாறிவிட்டது. விரவல் குணகம் ஒரு மாறிலி என்று எழுதிய மாதிரி அந்த இடத்தில் செல்லாது.

கண்ணாடியிழை நெகிழிகளில் கதை இன்னும் சிக்கலானது. பாலியெஸ்டர் பிசினின் எஸ்டர் பிணைப்பை நீர் உடைக்கிறது. உடைந்ததில் பிறக்கும் அமிலம் மேலும் உடைப்பதற்கு உதவுகிறது, எனவே வினை தன்னைத்தானே விரைவுபடுத்திக்கொள்ளும். கரையும் துணுக்குகள் உள்ளே சிறு குழிகளில் தேங்க, சவ்வூடு அழுத்தம் கூடிப் படகுத் தோலில் கொப்புளங்கள் எழுகின்றன. இழைக்கும் பிசினுக்கும் இடையிலுள்ள பரப்பு இன்னொரு களம். அங்கே சிலேன் சேர்மங்கள் கண்ணாடியையும் பிசினையும் பிணைக்கின்றன. அந்தப் பிணைப்புகளை நீர் உடைக்கும், ஆனால் அவை மறுபடியும் சேரும். இந்த மீள்தன்மைதான் அவற்றின் நீண்ட உழைப்புக்குக் காரணம் என்றார் எட்வின் ப்ளூட்மன். நுண்குழாய் விசையால் இழையோரமாக ஏறும் நீரும், அமிலத்தில் ஈ-கண்ணாடி இழை மெல்ல முறிவதும் ஃபிக்கின் சமன்பாட்டுக்குள் எங்குமே வராதவை. உயர்மின்னழுத்தக் கம்பிகளைத் தாங்கும் கலப்பு மின்காப்பான்களின் தண்டுகள் சில இடங்களில் திடீரென நேர்கோடாக முறிந்ததை ஆராய்ந்தபோது நீரும் அமிலமும் சேர்ந்த இந்த முறிவே தெரியவந்தது. போரான் இல்லாத, அமிலம் தாங்கும் கண்ணாடி அதற்குத் தீர்வாக வந்தது.

களம் என்ன சொல்கிறது? நாசாவின் மேற்பார்வையில் 1973இல் தொடங்கி, பல விமான நிறுவனங்களின் போயிங் 737களில் 108 கார்பன்-எப்பாக்சி ஸ்பாய்லர்கள் (இறக்கையின் மேல் எழும் தடுப்புப் பலகைகள்) பொருத்தப்பட்டன. ஆண்டுதோறும் சிலவற்றைக் கழற்றி உடைத்துப் பார்த்தார்கள். அதே சமயத்தில் ஹோனலூலு, வெலிங்டன், சாவோ பாவுலோ, ஃபிராங்ஃபர்ட் போன்ற ஊர்களில் தகட்டுத் துண்டுகளை வெயிலிலும் மழையிலும் வைத்தார்கள். கார்பன் தகட்டின் வலிமை பெரும்பாலும் புதுத் தகடுகளின் சிதறல் எல்லைக்குள்ளேயே இருந்தது. உண்மையான தொல்லை வந்தது அதோடு சேர்த்துப் பொருத்திய அலுமினியப் பகுதிகளிலிருந்து. ஈரம் புகுந்து அவை அரிக்கப்பட்டன. தகட்டைப் பற்றிய எந்த ஈர மாதிரியும் தொடாத இடம் அது.

கான்கிரீட்டுக்குள் இருக்கும் கண்ணாடியிழைக் கம்பியின் கதை இதற்கு இணையானது. கான்கிரீட்டின் துளைநீர் கடும் காரம். அதைப்போன்ற கரைசலில் 60 டிகிரியில் கம்பியை மூழ்கவைத்த ஆய்வகச் சோதனைகள் பெரும் வலிமை இழப்பைக் காட்டின. கனடாவின் ஐசிஸ் ஆய்வு வலையமைப்பு, ஐந்து முதல் எட்டு ஆண்டுகள் பயன்பாட்டில் இருந்த ஐந்து கட்டுமானங்களிலிருந்து உருளைகளை அறுத்தெடுத்து நுண்ணோக்கியிலும் நிறமாலையிலும் பார்த்தது. சிதைவு தென்படவில்லை. பாலத்தின் கான்கிரீட் எப்போதும் நீரில் நிறைந்திருப்பதில்லை, 60 டிகிரியிலும் இருப்பதில்லை. அமெரிக்கக் கான்கிரீட் கழகத்தின் வழிகாட்டி, மண்ணிலும் வெளியிலும் இருக்கும் கண்ணாடியிழைக் கம்பியின் வலிமையை நெடுங்காலம் 0.7ஆல் பெருக்கிக் குறைக்கச் சொல்லி வந்தது. 2022இல் வந்த அதன் விதித்தொகுப்பில் அந்த எண் 0.85. எட்டு ஆண்டுச் சாட்சியை நூறு ஆண்டுக்கு நீட்டுவதில் எனக்கும் தயக்கம் உண்டு. ஆனால் எண் நகர்ந்ததற்குக் கணினிக் கணக்கைவிட அறுத்தெடுத்த கம்பிகள் செய்த பணி பெரிது என்றே கருதுகிறேன்.

இன்றைய கணக்கிடல் முறைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வரம்புறு உறுப்பு மென்பொருள்களில் ஈர விரவலை வெப்பக் கடத்தல் தொகுதியைக் கொண்டே தீர்ப்பது வழக்கம், சமன்பாட்டின் வடிவம் ஒன்று என்பதால். இதில் ஒரு கண்ணி இருக்கிறது. இரு பொருள்கள் சந்திக்கும் பரப்பில் வெப்பநிலை தொடர்ச்சியாக இருக்கும். நீரின் செறிவு அப்படி இருக்காது. ஒட்டுப்பசை 4 விழுக்காடு பிடிக்கும் இடத்தை ஒட்டியிருக்கும் தகடு 1 விழுக்காடுதான் பிடிக்கும். எனவே செறிவை அந்தந்தப் பொருளின் நிறைவுச் செறிவால் வகுத்து எழுத வேண்டும். வெப்பநிலை மாறும்போது நிறைவுச் செறிவும் மாறும் பொருள்களில் இந்தத் தந்திரமும் பிழைதரும். இழைகளைத் தனித்தனியே வரையும் நுண்ணளவு மாதிரிகள், மூலக்கூறு இயக்கவியல், நரம்பு வலையமைப்புகள் என்று கருவிகள் பெருகியிருக்கின்றன. மூலக்கூறு இயக்கவியல் பார்ப்பது பெரும்பாலும் நானோ நொடிகளை. பாலம் வாழ்வது பல பத்தாண்டுகள். நடுவில் இருக்கும் படிகளை அளவீடு இன்றி எந்தக் கருவியாலும் நிரப்ப முடியாது. நரம்பு வலையமைப்புக்கு ஊட்டும் தரவு முழுவதும் 70 டிகிரித் தராசு எண்களாக இருந்தால், அது கற்றுக்கொள்வது 70 டிகிரியை மட்டுமே.

எனவே அடுத்த கட்டத்துக்கு எனக்குத் தேவைப்படுவது மூன்று அளவீடுகள் சேர்ந்த அறிக்கை: உறிஞ்சிய எடை, உலர்த்திய பின் எடை, நனையும் முன்பும் உலர்ந்த பின்பும் கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை. உலர்த்திய பின் எடை தொடக்கத்தைவிடக் குறைந்திருந்தால் ஏதோ கரைந்து போயிருக்கிறது. நிலைமாற்ற வெப்பநிலை மீளாவிட்டால் சங்கிலி அறுந்திருக்கிறது. இவற்றோடு கத்தரிப்பு வலிமையையும் உலர்ந்த நிலையில் சோதித்தால், போனது பிசினா இழைப் பரப்பா என்று பிரிக்க முடியும். ஒரே வெப்பநிலையில் அல்ல, குறைந்தது மூன்றில்; மிக உயர்ந்தது ஈர நிலைமாற்ற வெப்பநிலைக்கு நன்றாகக் கீழே.

நம் கடற்கரையில் இதற்கான பொருள் ஏராளமாகக் கிடக்கிறது. 2004 சுனாமிக்குப் பிறகு தமிழகக் கரையில் கட்டுமரங்களின் இடத்தில் ஃபைபர் படகுகள் பெருகின. உப்புநீரிலும் கொதிக்கும் மணலிலும் மாறிமாறிக் கிடந்து, நாள்தோறும் நனைந்து உலர்ந்து உழைத்த அந்தப் படகுகள் பழசானதும் கரையோரம் ஒதுக்கப்படுகின்றன. ஒவ்வொன்றும் எந்த ஆய்வகத்தாலும் ஓட்ட முடியாத ஒரு நெடுங்காலச் சோதனை. நீர்மட்டத்துக்குக் கீழிருந்து ஒரு துண்டு, மேலிருந்து ஒரு துண்டு, வெயில் படாத உட்புறத்திலிருந்து ஒரு துண்டு அறுத்தெடுத்து, மேலே சொன்ன அளவீடுகளைச் செய்யலாம். படகு கட்டிய ஆண்டு உரிமையாளருக்குத் தெரியும். எந்தப் பிசின், எத்தனை அடுக்குப் பாய் என்பது கட்டிய பட்டறையில் தெரியும். பாலியெஸ்டரின் நீராற்பகுப்பு வேகத்தை 30 டிகிரியில் நேரடியாகக் காட்டும் எண்கள் அந்தத் துண்டுகளில் இருக்கின்றன.